அந்தச் சின்ன டிவிஐ டு விஜிஏ அடாப்டர் எல்லா கிராபிக்ஸ் கார்டுக்கும் ஆகாது

"பழைய விஜிஏ மானிட்டரா, ஒரு டிவிஐ அடாப்டர் வாங்கிச் சொருகினால் எந்த கார்டிலும் ஓடும்" என்று மேலே ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார், அது பாதிதான் சரி. அந்த அடாப்டர் சிக்னலை மாற்றாது, விஜிஏ மானிட்டருக்கு வேண்டிய அனலாக் சிக்னலைக் கார்டு அனுப்பினால், அதை வேறு பின்னுக்குக் கடத்திவிடும், அவ்வளவுதான். டிவிஐ போர்ட்டில் வகை உண்டு: டிவிஐ-ஐ (DVI-I) என்றால் அந்த அனலாக் சிக்னல் வரும். டிஜிட்டல் மட்டும் தரும் டிவிஐ-டியில் (DVI-D) தட்டையான பின்னைச் சுற்றி இருக்கும் நாலு ஓட்டையே கிடையாது, அடாப்டரை அழுத்தி உடைத்துவிடாதீர்கள். 2016-ல் ஜிடிஎக்ஸ் 1080 கார்டு வந்தபோதே என்விடியா அனலாக்கைக் கைவிட்டாச்சு. விஜிஏ மானிட்டரை இணைக்கக் கேட்ட வியாசர்பாடி தம்பி, உங்களுடையது அதற்குப் பின் வந்த ஜிடிஎக்ஸ் 1660 கார்டு என்கிறீர்கள், அப்போ சிக்னலை மாற்றும் சிப் உள்ளே வைத்த எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வர்ட்டர்தான் வேண்டும். வண்ணாரப்பேட்டைப் பக்கம் கடையில் கேட்கும்போது திசையையும் சேர்த்துச் சொல்லுங்கள், விஜிஏ டு எச்டிஎம்ஐ கொடுத்தால் அது தலைகீழ், படமே வராது.