"குடிச்சிருந்தேன், ஞாபகமில்ல"

தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக அரசு மருத்துவமனையில் தங்கியிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் மூன்றாம் பிரசவம் முடிந்த பெண் ஒருவர் இருந்தார். "போன தடவையே நிரோத் குடுத்தோமே?" என்று ஆணுறையைச் சொல்லிச் செவிலியர் கேட்க, தலையைக் குனிந்துகொண்டார். செவிலியர் நகர்ந்த பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்: "குடிச்சுட்டு வர்ற மனுசங்கிட்ட அத எப்படிக்கா நீட்டுறது? ஒருநாள் நீட்டினேன். எவன் சொல்லிக் குடுத்தான்னு கேட்டாரு. காலையில கேட்டா, குடிச்சிருந்தேன், ஞாபகமில்லங்கிறாரு."

கை ஓங்காமலே ஒரு பெண்ணைப் பணியவைக்க அந்த ஒரு கேள்வி போதும். "என்மேல நம்பிக்கை இல்லையா" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதும், அணிந்துகொள்வதாகச் சொல்லிவிட்டு இடையில் கழற்றிவிடுவதும் இதே வகைதான். இவற்றை ஊடல் என்றோ ஆண்பிள்ளை முரண்டு என்றோ சொல்லிக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. இது பாலியல் வற்புறுத்தல்.

பழியை மதுவின் தலையில் போட்டுவிடுவதும் எளிது. மதுவுக்குப் பங்கு உண்டு: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கணவர் அடிக்கடி போதையில் இருக்கும் பெண்களில் 70 விழுக்காட்டினர் கணவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள், குடிக்காத கணவர்களின் மனைவியரில் அது 23 விழுக்காடு. ஆனால் அந்த 23ஐ எந்தச் சாராயத்தின் கணக்கில் எழுதுவது? ஆணுறையைத் தவிர்க்க ஆண்கள் செய்யும் வற்புறுத்தலைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் அமெரிக்க உளவியலாளர் கெல்லி கியூ டேவிஸ் போன்றோர், போதையோடு சேர்த்து, அந்த ஆணின் பழைய பாலியல் வன்முறையையும் பெண்கள்மீது அவனுக்கிருக்கும் பகையுணர்வையும் கணக்கில் எடுக்கிறார்கள். மனைவியின் மறுப்புக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் குடிப்பதற்கு முன்பே அவனுக்குள் இருக்கிறது. இரவில் அதற்குத் துணிச்சலையும் காலையில் சாக்கையும் குடி தருகிறது.

ஆணுறை அணியச் சொல்லியும் அணியாமல் உறவுகொள்வது பாலியல் தாக்குதலாகலாம் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. இங்கே, இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, 18 வயது நிறைந்த மனைவியுடன் கணவன் கொள்ளும் உறவை வன்புணர்வு என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையையும் உள்ளடக்குகிறது என்பதை அந்த வார்டில் யாரும் அவருக்குச் சொல்லி நான் கேட்கவில்லை.

அவருக்குச் சொல்லப்பட்டது அறுவை சிகிச்சை. அதே கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை அவர்கள் உடலிலேயே நடந்திருக்கிறது, 0.3 விழுக்காட்டினருக்குக் கணவனின் உடலில். பால்வினை நோயிலிருந்து அது காக்காது, வற்புறுத்தலையும் நிறுத்தாது. மறுநாள் அதை முடித்துக்கொண்டு வந்து படுத்தவர் என் பக்கம் திரும்பி, "இனிமே அவருகிட்ட அந்தப் பேச்சே எடுக்க வேணாமில்லக்கா?" என்று கேட்டார்.