ஊருக்குப் பணம் அனுப்புகிறோம், சரி. ஊரைக் கேட்டோமா?

சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களுக்குச் சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை நிறையவே உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர்ப் பக்கத்து ஊர்களில் பலவற்றுக்கு இங்கே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். கும்பாபிஷேகமா, ஊர் முகப்பில் ஆர்ச்சா, பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்டா? ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், தேக்காவில் நாலு பேர் டீ குடித்து முடிப்பதற்குள் பாதித் தொகை சேர்ந்துவிடும். துவாஸ் தொழிலாளர் டார்மிட்டரியில் தங்கி ஓவர்டைம் பார்க்கிற தம்பிகள்கூட ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போடுகிறார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் என்ன செய்வது என்பதை ஊரில் இல்லாத நாம் முடிவு செய்கிறோம். செய்ததை அப்புறம் யார் பராமரிப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் ஊரில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளாண்ட் இப்படி வந்ததுதான். ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் ஒரு குடம் தண்ணீர். திறப்பு விழா வீடியோவை இங்கே எத்தனை பேர் ஸ்டேட்டஸில் வைத்தார்கள்! போன முறை ஊருக்குப் போனபோது கதவில் பூட்டு தொங்கியது. நாணயம் போடும் துளையில் குளவி கூடு கட்டியிருந்தது. தண்ணீரை வடிகட்டும் மெம்பிரேன் போய்விட்டதாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எப்படியும் வரக்கூடிய செலவு அது, ஆனால் அதற்கென்று யாரும் ஒரு பைசா ஒதுக்கவில்லை. சுவரில் பதித்த கிரானைட் கல்லில் எங்கள் பெயர்கள் மட்டும் பளபளவென்று இருந்தன. வசதி உள்ளவர்கள் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள், இல்லாதவர்கள் பழையபடி போர் தண்ணீர்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பராமரிப்புப் பாடத்தை நாம் மாதாமாதம் காசு கட்டிப் படித்துக்கொண்டிருக்கிறோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிற எல்லோரும் நகர மன்றத்துக்குக் கட்டணம் கட்டுகிறோம். அதில் ஒரு பங்கைப் பிற்காலப் பெரிய செலவுகளுக்கென்று தனி நிதிகளில் போட்டுவிட வேண்டும் என்பது சட்டம். புளோக்குக்கு வண்ணம் அடிப்பதும், பழைய லிப்டை மாற்றுவதும் அவற்றிலிருந்துதான். ஊருக்கு வசூலிக்கும்போது மட்டும் இந்தப் புத்தி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். இங்கே 1989இலிருந்து வீவக புளோக்குகளில் இன ஒதுக்கீடு இருக்கிறது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் ஒரே லிப்டில் போகிறோம். ஊரில்? அந்தத் தண்ணீர் பிளாண்ட் கோயில் தெருவில் இருக்கிறது. தலித் காலனிப் பெண்கள் அங்கே வந்து குடம் வைக்கத் தயங்குவார்கள் என்பது இடம் பார்க்கும்போதே எல்லோருக்கும் தெரியும். காலனிப் பையன்களும் இங்கே வேலை பார்க்கிறார்கள், அதே டார்மிட்டரியில் தங்குகிறார்கள். எங்கள் குழுவில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பெண்களும் இல்லை. இத்தனைக்கும் தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

முடிவெடுக்கச் சரியான இடம் கிராம சபை. முன்பு வருடத்துக்கு நான்கு கூட்டம். 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். அங்கே வாக்காளர் யாரும் எழுந்து பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம். அப்புறம் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது, 1997இல் தொடங்கியது, 2021இல் மறுபடி கொண்டுவந்தார்கள். பொதுவாக வேலை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். நாம் தனியாக 3 லட்சத்தில் செய்கிற வேலையை ஊராட்சி வழியாகப் போனால் 9 லட்சத்துக்குச் செய்யலாம். இழுத்தடிப்பார்கள், அதிகாரி பின்னால் அலைய வேண்டும், தெரியும். இருந்தாலும் அது ஊராட்சிச் சொத்தாக இருக்கும், கணக்குக் கேட்க முடியும்.

ஊராட்சியால் என்ன கிழிக்க முடியும் என்று கேட்பவர்கள் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையைப் பாருங்கள். சேமிப்பையும் வங்கிக் கடனையும் வைத்து 2006இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கிய ஊராட்சி அது. தன் தேவை போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. நமக்கு இன்னும் பக்கத்தில் பேராவூரணி. கஜா புயல் 2018இல் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. அடுத்த வருடமே அங்கத்து இளைஞர்கள் பெரியகுளத்தைத் தூர்வார இறங்கினார்கள். எந்தக் குளம், எந்த வாய்க்கால் என்று முடிவு செய்தது அந்த மண்ணில் நின்றவர்கள்.

பணம் அனுப்பும் வழியிலும் கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடிமகன் ஊர் அறக்கட்டளைக்கு அனுப்பினால் ஆகும். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (FCRA) அந்த அறக்கட்டளை பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். குழுவில் இரண்டு வகையினரும் கலந்திருக்கிறோம், மொத்தமாக ஒருவர் பெயரில் அனுப்பிவிட்டு அப்புறம் முழிக்க வேண்டாம்.

அடுத்த வசூலுக்கு என்னிடம் வருபவர்களுக்கு இரண்டே நிபந்தனை. கிராம சபைத் தீர்மான நகலைக் காட்டுங்கள். ஐந்து வருடப் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதிக் கொடுங்கள். அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் அண்ணிக்கும் போன் போட்டு, அடுத்த கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். போனால் வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்கவும் சொல்லுங்கள்.