மீட்டரை எடுங்கய்யா முதலில்!

ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் அணையவும் மாட்டாமல் எரியவும் மாட்டாமல் செம்மஞ்சளாக மினுங்குகிறது என்று கொண்டுபோய் நிறுத்தினால், மதுரையில் கடைக்குக் கடை ஒரே பதில்: "பல்பு போயிருச்சுண்ணே." புதுப் பல்பும் அப்படியே மினுங்கினால், "அப்ப பேட்டரி வீக்குண்ணே." காளவாசல் பக்கம் ஒரு கடையில் எங்கள் பழைய காருக்கும் இதேதான். பேட்டரி வீக் என்றால் இரண்டு பக்கமும்தானே மங்க வேண்டும்? வலது பக்கம் பளிச்சென்று எரிகிறதே, அது கண்ணில் படவில்லையா? இன்ஜினை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் பேட்டரியில் வோல்ட் பார்க்கும் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட், ஓடும்போது 14 பக்கம். பேட்டரியும் டைனமோவும் நன்றாக இருக்கின்றன என்று தெரிய ஒரு நிமிடம் ஆகுமா? மீட்டர் சுவரில் தொங்குகிறது, கை போகவில்லை.

விஷயம் இதுதான். ஜப்பான் வழி வந்த பல வண்டிகளில் ஹெட்லைட் சுவிட்ச் எர்த் பக்கம், அதாவது மைனஸ் பக்கம், இருக்கும். பிளஸ் பல்புக்கு நேராக வந்துவிடும், இடதுக்கு ஒரு ஃபியூஸ், வலதுக்கு ஒரு ஃபியூஸ். இடது ஃபியூஸ் போனாலும் அந்த விளக்கு முழுசாக அணையாது. ஒரே பல்புக்குள் பிரைட்டுக்கு ஒரு இழை, டிம்முக்கு ஒரு இழை இருக்கும். டிம்மில் போட்டால் கரண்ட் வலது பல்பின் பிரைட் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு இடது பல்புக்கு வரும். அங்கே பிரைட் இழை, டிம் இழை இரண்டையும் கடந்துதான் எர்த்துக்குப் போகும். மூன்று இழைகள் 12 வோல்ட்டைப் பங்கு போட்டால் வெளிச்சம் எங்கே இருக்கும்? டேஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கும் அரைகுறையாக எரியும். அதைக் காட்டிச் சொன்னால், "சில வண்டில அப்படித்தாண்ணே இருக்கும்" என்கிறார் கடைக்காரர். சில ரூபாய் ஃபியூஸுக்குப் பேட்டரியையே விற்கப் பார்க்கிறார்கள்.

செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி ரோட்டில் ராத்திரி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்விளக்கு இல்லாமல் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் நிற்கும், ஆடு குறுக்கே வரும். ஒற்றைக் கண்ணோடு வரும் கார் எதிரே வருகிறவனுக்கு பைக்காகத் தெரியும். அவன் விலகுகிற தூரமும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். உயிர் சம்பந்தப்பட்ட வேலை இது!

அப்புறம் அடுத்த வியாபாரம்: "100/90 போட்ருவோம்ணே, பகல் மாதிரி இருக்கும்." கம்பெனி பல்பு 60/55, அதாவது பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. பிரைட்டில் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர். 100 வாட் இரண்டு என்றால் 16க்கும் மேல். பெரிய கரண்டை சுவிட்ச் வழியாக விடாமல் தனியே கடத்தும் ரிலே இல்லாத பழைய வண்டியில் அவ்வளவும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகப் போக வேண்டும். சுவிட்ச் கருகுகிறது, பல்பில் சொருகும் கப்ளர் உருகுகிறது. ரிலே போடச் சொன்னால் ரெடிமேட் செட் ஒன்றை மாட்டுகிறார்கள். எர்த் பக்கம் சுவிட்ச் உள்ள வண்டிக்கு அதற்கென்றே உள்ள செட் வேண்டும் என்று யோசிப்பதில்லை. பிரைட் வராமல் மறுபடி அதே கடை வாசல்.

இதில் பெரிய கொடுமை, 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 சொருகுவது. ஒயர் வேகாமல் இருக்கத்தானே ஃபியூஸே வைத்திருக்கிறான்? 30 போட்டால் ஃபியூஸ் நிற்கும், ஒயர் எரியும். பக்கத்திலேயே பெட்ரோல் டியூப் போகிறது.

மீட்டர் வைத்துப் பார்க்கத் தனிக் கூலி கேளுங்கள், தருகிறேன். பார்த்துவிட்டு அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்கள்.