பக்கத்து மனையை உயர்த்தினால் தண்ணீர் எங்கே போகும்?

மேடவாக்கத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே, எங்கள் தெருவின் பின்புறக் காலி நிலத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளோடு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று வரப்போகிறது. நாங்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் வந்த முதல் பதில் இது: "நீங்களும் சதுப்பு நிலத்தை ஒட்டித்தானே வீடு வாங்கினீர்கள்? அடுத்தவர் வந்தால் மட்டும் கசக்கிறதா?"

வருகிறவர்கள் மேல் எங்களுக்கு எந்தக் கசப்பும் இல்லை. எங்களைப் போலவே வங்கிக் கடனை நம்பி வரப்போகும் குடும்பங்கள் அவர்கள். நாங்கள் கேட்பது தண்ணீரைப் பற்றி மட்டும்தான்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் 1,247 ஹெக்டேர் பரப்பு 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் அங்கேதான் வந்து சேர்கிறது. அது வெளியேறுவதற்கு முக்கிய வழி ஒக்கியம் மடுவு. மடுவிலிருந்து பக்கிங்காம் கால்வாய், அங்கிருந்து முட்டுக்காடு, பிறகு கடல். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வரும் நாளில் இந்த வழி திணறிப்போகும். நீர் வந்த பக்கமே திரும்பும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அதுதான் நடந்தது. மின்சாரம் இல்லை, குடிநீர் இல்லை, முதியவர்களைப் படகில் ஏற்றி வெளியே கொண்டுவந்தோம்.

அந்த நாட்களிலும் எங்கள் தெருவை ஓரளவு காப்பாற்றியது இந்தக் காலி நிலம்தான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதில் முழங்கால் அளவு நீர் நிற்கும், மெல்ல வடியும். இனி அதில் லாரி லாரியாக மண் கொட்டி, சாலையை விட உயரமாக மனையை மேடாக்கி, சுற்றுச்சுவர் எழுப்புவார்கள். புதுக் கட்டடத்துக்குள் தண்ணீர் வராது, உண்மைதான். அங்கே நின்ற தண்ணீர் எங்கள் வாசலுக்கு வரும். இந்த வட்டாரத்தில் பெரிய கட்டடங்கள் இப்படித்தான் எழும்பின. ஒவ்வொன்றும் எழும்பியபோது அதற்கு முன் கட்டிய வீடுகள் பள்ளமாயின.

அனுமதி வழங்கும் முறை இதைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் கோபம். 2019-இன் கட்டட விதிகள் உயரமான கட்டடங்களுக்கு 3.25 வரை தளப்பரப்புக் குறியீடு தருகின்றன, அதாவது எல்லாத் தளங்களும் சேர்ந்து மனைப் பரப்பைப் போல 3.25 மடங்கு வரை கட்டலாம். கூடுதல் கட்டணம் செலுத்தினால் அதற்கு மேலும் கட்டலாம். சாலை அகலம், தீயணைப்பு வண்டி செல்ல இடம், மழைநீர் சேகரிப்பு என்று எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்கள், ஆனால் அந்த ஒரு மனைக்குள். பக்கத்து மனைகளையும் சேர்த்து மொத்த வெள்ளம் எவ்வளவு, எத்தனை கழிவுநீர் லாரிகள், எத்தனை தண்ணீர் லாரிகள் என்று கூட்டிப் பார்க்கும் மேசை எதுவும் இல்லை. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதிலும், 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. நனையப் போகிறவரைக் கேட்காமலே முடிவு எடுத்துவிடலாம் என்று சட்டமே சொல்கிறது.

"சென்னைக்கு வீடுகள் வேண்டாமா? மெட்ரோ வேறு வருகிறதே?" என்கிறார்கள். வீடுகள் வேண்டும், நெருக்கமாகவும் வேண்டும். பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஏற்கெனவே உள்ள மேட்டுப்பகுதிகளில் கட்டுங்கள். மெட்ரோ வந்தால் பயணம் எளிதாகும், மழைநீர் வடிந்துவிடாது. ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று சொல்லித்தான் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகளுக்கு அரசு கொண்டுவந்தது. இங்கேயும் அவர்களை வெள்ளம் சூழ்ந்தது. அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை.

2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ராம்சர் தலத்தின் தாக்கப் பகுதி (அங்கே நடப்பது தலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்புறம்) முறையாக வரையறுக்கப்படும் வரை அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி தரக்கூடாது என்றது. எங்கள் இடம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பது கட்டுமான நிறுவனத்தின் வாதம். இருக்கலாம். அந்த நிலத்தின் நீர் சதுப்பு நிலத்துக்குத்தானே போகிறது?

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். 2023 டிசம்பரில் உங்கள் வீட்டில் தண்ணீர் ஏறிய உயரம் தெரியும் புகைப்படங்களைத் தேதியோடு எடுத்து வாருங்கள், மனுவில் இணைக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களும் அவசியம் வாருங்கள்; தரைத்தளத்தில் அதிகம் இருப்பவர்கள் நீங்கள்தான்.