ஒரு குழாய், எத்தனை ஃப்ளாட்?

தனி வீடு இருந்த மனையில இப்போ ஆறு ஃப்ளாட், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பாத்ரூம். தெருவுக்கு அடியில மட்டும் அதே பழைய பாதாளச் சாக்கடைக் குழாய். கட்டட அனுமதி தர்றவங்களும் கழிவுநீர் இணைப்பு தர்றவங்களும் பேசிக்கவே மாட்டாங்க போல. குழாயில இடமில்லன்னா புது இணைப்பைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கன்னு சொன்னா, நம்மகிட்டதான் சண்டைக்கு வர்றாங்க.

2011-ல சென்னை மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆச்சு. எல்லைக்கோடு நகர்ந்துடுச்சு, குழாய் நகரலையே! புதுசா சேர்ந்த பல இடங்கள்ல வருஷக்கணக்கா செப்டிக் டேங்கும் லாரியும்தான்.

மழைக்காலம் இன்னும் கொடுமை. மொட்டைமாடித் தண்ணியை நேரா சாக்கடையில கோத்துவிட்ட புண்ணியவான்கள் எங்க தெருவிலேயே இருக்காங்க. தெருவுல தண்ணி நின்னா மேன்ஹோல் மூடியைக் கடப்பாரையால நெம்பித் திறக்கறது வேற. கழிவுநீருக்குன்னு போட்ட குழாய் மழையையும் எப்படிங்க தாங்கும்? உள்ளே போனதெல்லாம் தரைதள வீட்டு பாத்ரூம் வழியா பொங்கி வருது. மாடி வீட்டுக்காரருக்கு என்ன, ஜன்னல்ல நின்னு வீடியோ எடுக்கறார். புகார் கொடுத்தா வண்டி வந்து அடைப்பு எடுக்குது. அது கிளம்பறதுக்குள்ள எதிர் மனையில பூமி பூஜை. இந்தத் தடவை எட்டு ஃப்ளாட்டாம்.