எஸ்இலினக்ஸை அணைத்துவிடு என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

பர்மிஷன் டினைடு. மூன்று நாளாக இதையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

பின்னணியில் ஓடவேண்டிய ஒரு சின்ன நிரல், அதாவது டீமன். எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் லினக்ஸின் காவல் அமைப்பான எஸ்இலினக்ஸில் அதற்கென்று தனி டொமைன் (அந்த நிரல் ஓடும் எல்லை) எழுதி, பாலிசியை, அதாவது விதித்தொகுப்பை, ஏற்றினேன். கோப்பின் உரிமையாளர் சரி, அனுமதி எண் 640 சரி, ரூட்டாக உட்கார்ந்து திறந்தால் திறக்கிறது. சர்வீஸாகத் தொடங்கினால் மட்டும் விழுகிறது. மறுத்தது சாதாரண கோப்பு அனுமதியா, பாலிசியா? இரண்டுக்கும் ஒரே பிழைச்செய்தி! எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் மனுஷனை இப்படியா அலையவிடுவது?

சரி என்று மறுப்புகள் பதிவாகும் ஆடிட் லாகை எடுத்து, அதைப் பார்த்து அனுமதி விதி எழுதித் தரும் ஆடிட்2அலோவிடம் கொடுத்தேன். என்ன தந்தது தெரியுமா? என் டீமன் யூசர்_ஹோம்_டி லேபிள் (பயனர்களின் ஹோம் கோப்புகளுக்கு எஸ்இலினக்ஸ் ஒட்டும் அடையாளம்) உள்ள கோப்புகளைப் படிக்கலாம் என்று ஒரு விதி. இடிசி டைரக்டரியில் இருக்கும் கான்ஃபிக் கோப்புக்கு ஹோம் லேபிள் எப்படி வந்தது? ஹோம் டைரக்டரியில் எழுதி எம்வி போட்டு நகர்த்தியிருந்தேன். சிபி போட்டு நகலெடுத்தால் போகிற இடத்தின் லேபிள் ஒட்டிக்கொள்ளும். எம்வி பழையதையே சுமந்துகொண்டு போகும். லேபிளைச் சரியானதாக மாற்றும் ரீஸ்டோர்கான், ஒரே கட்டளை, தீர்ந்தது. ஒரு கோப்பின் லேபிள் தவறியதற்கு எல்லோருடைய ஹோம் கோப்புகளையும் திறந்துவிடச் சொன்ன அந்த விதியை, அப்படியே ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்! நினைத்தாலே வயிறு எரிகிறது.

அப்புறமும் டீமன் எழவில்லை. இந்த முறை லாகில் ஒரு வரிகூட இல்லை. பாலிசியில் உள்ள டோன்ட்ஆடிட் விதிகள், மறுத்த தடயத்தையே லாகில் எழுதாமல் மறைத்துவிடுகின்றன. லாக் நிரம்பி வழியக்கூடாது என்பதற்காக வைத்ததுதான், புரிகிறது. ஆனால் பாலிசியை ஏற்றும் செமாட்யூல் கட்டளைக்கு டிபி ஆப்ஷன் கொடுத்தால் அந்தத் திரை விலகும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் போனது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த டீமன் மென்பொருளின் நிறுவல் கையேடு இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. முதல் படியே 'எஸ்இலினக்ஸை அணைக்கவும்'. 2003-லேயே லினக்ஸ் கர்னலுக்குள் வந்துவிட்ட ஒன்று இது. டீமனில் ஓட்டை விழுந்தால் உள்ளே நுழைந்தவன் மிச்ச சிஸ்டத்தைத் தொடாமல் தடுப்பதே இதுதான். அதை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். செமானேஜ் பெர்மிசிவ் என்று அந்த ஒரு டொமைனை மட்டும் தளர்த்தி, மறுப்புகளை லாகில் பார்த்துப் பாலிசியைத் திருத்தலாமே! மிச்ச சிஸ்டம் காவலில்தானே இருக்கும்? கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டேன். அந்த ஒரு வரி எங்கேயும் இல்லை.