பார்க் ஸ்ட்ரீட் கல்லறைக்குப் பேய்க்கதை மட்டும் போதுமா?

உங்கள் கட்டுரையில் கொல்கத்தா சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறையைப் பேய் உலவும் இடம் என்று எழுதி, ராத்திரியில் சுவரேறிக் குதித்துப் போய்ப் பார்க்கவும் யோசனை சொல்லியிருக்கிறீர்கள். சரி, பட்டப்பகலிலேயே அங்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும், நானும் போயிருக்கிறேன். மரங்கள் அடர்ந்து வெயிலே சரியாக இறங்காது. கூம்பும் தூணுமாக ஆள் உயரத்தைத் தாண்டிய சமாதிகள். காரை பெயர்ந்து செங்கல் தெரியும், தொட்டால் பாசி கையில் ஒட்டும். ஆனால் என்னை உலுக்கியது அங்கே கிடப்பவர்களின் வயதுதான். 1800-இல் இறந்த ரோஸ் எய்ல்மர் என்ற இளம்பெண்ணுக்கு வயது 20. இந்துக் கல்லூரியில் பாடம் சொன்ன டெரோசியோ 1831-இல் காலராவில் போனபோது வெறும் 22. காய்ச்சலும் பேதியும் இளசுகளை வாரிக்கொண்டு போன காலம் அது.

அப்புறம், கோயில் மாதிரியே கட்டிய சார்லஸ் ஸ்டூவர்ட்டின் சமாதி! கங்கையில் நீராடி, சாமி சிலைகளை வைத்துக் கும்பிட்டு, 'இந்து ஸ்டூவர்ட்' என்றே பெயர் வாங்கிய ராணுவ அதிகாரி, 1828-இல் இறந்தார். அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

ராத்திரியில் சுவரேறிக் குதித்தால் உடையப்போவது இந்தச் சமாதிகள்தான். அந்த யோசனையைத் தயவுசெய்து கட்டுரையிலிருந்து எடுத்துவிடுங்கள்.